ஒரு டிகிரிதானே, பாஸ்?

விடிய விடிய ட்விட்ச்ல கேம் ஸ்ட்ரீமிங் பார்க்கிற ஆளா நீங்க? அந்த சைட் முகவரியின் கடைசியில் இருக்கிற 'டாட் டிவி'யைக் கவனிச்சிருக்கீங்களா? அது டெலிவிஷனோட சுருக்கம்னு நினைச்சா, ஸாரி! இந்தியாவுக்கு 'டாட் இன்' மாதிரி, துவாலு என்கிற நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு எழுத்து அது. டிவி கம்பெனிகளும் வீடியோ கம்பெனிகளும் அந்த எழுத்துக்குப் போட்டி போட, துவாலுவுக்கு அடித்தது லக்கி பிரைஸ். அந்த வருமானத்தில் ஒரு பகுதியைச் செலவு பண்ணித்தான் 2000-ம் வருஷம் ஐ.நா. சபையிலேயே உறுப்பினர் ஆனார்கள்.

பசிபிக் கடல் நடுவில், ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்க்கும் இடையில் ஒன்பது தீவுகள். எல்லாத்தையும் ஒட்டுப்போட்டாலும் 26 சதுர கிலோமீட்டர்தான். மக்கள்தொகை சுமார் பத்தாயிரம். நம்ம ஊர் பெரிய இன்ஜினீயரிங் காலேஜ் ரெண்டைச் சேர்த்தாலே அந்த நாட்டு ஜனத்தொகை வந்துடும். மலை கிடையாது, ஆறு கிடையாது. நாட்டின் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டரைத் தொடாது.

துவாலு நியூஸில் வந்தாலே ஒரே கதைதான்... 'மூழ்கும் தீவு'. 2021 நவம்பரில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சைமன் கோஃபே, கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு முழங்கால் அளவு கடல் தண்ணியில் நின்னு, கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுக்குப் பேசின வீடியோவை நீங்களும் ஃபார்வர்டு பண்ணியிருப்பீங்க. தண்ணி ஏறுது, சரி. ஆனா தண்ணியை ஏத்துறது எது? சூடு. அந்த நாட்டின் தெர்மாமீட்டர் என்ன சொல்லுதுன்னு யாருமே பெருசா எழுதலையேன்னு ரிப்போர்ட்டுகளைத் தேடிப் படிச்சேன். முதல்ல கொஞ்சம் ஏமாற்றம்தான். அதுக்கப்புறம்தான் சுவாரஸ்யமே!

உலகின் போரிங்கான கிராஃப்

துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டி. அங்கே பகல் வெப்பநிலை 31, 32 டிகிரி செல்சியஸ். ராத்திரி 25, 26. எந்த மாசம்னு கேட்கிறீங்களா? எல்லா மாசமும்! ஜனவரியும் அதேதான், ஜூலையும் அதேதான். மாதச் சராசரிகளை வரிசையா கிராஃப் பேப்பரில் குறிச்சா, பென்சில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கூடினாலும் குறைஞ்சாலும் ஒரு டிகிரிக்குள்ள அடங்கிடும்.

நம்ம சென்னையையே எடுத்துக்குங்க. மார்கழி விடியற்காலையில் 20 டிகிரி, கத்திரி வெயிலில் 40. நமக்கு இருபது டிகிரி வித்தியாசம் பழக்கம். அதனால்தான் 'பூமி ஒரு டிகிரி சூடாயிடுச்சு'ன்னு யாராவது சொன்னா, 'அதனால என்ன, ஃபேனை அஞ்சுல வை'ன்னு சிரிச்சுட்டுப் போயிடறோம்.

துவாலு ஏன் இப்படி? சுத்திலும் கடல். தண்ணிக்கு வெப்பக் கொள்ளளவு அதிகம்னு பிளஸ் ஒன் பிசிக்ஸிலேயே படிச்சோமே... சீக்கிரம் சூடாகவும் செய்யாது, சீக்கிரம் ஆறவும் செய்யாது. அந்தக் குட்டித் தீவின் காற்று, தன்னைச் சுத்தியிருக்கிற கடலின் டெம்பரேச்சரை அப்படியே காப்பியடிக்குது. அதுவும் சாதாரணக் கடல் இல்லை. உலகத்திலேயே சூடான கடல் பரப்பான மேற்கு பசிபிக் வெந்நீர்க் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கு துவாலு.

0.21

இப்போ நீண்ட காலக் கணக்குக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் வானிலைத் துறையும் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சி நிறுவனமும் பசிபிக் நாடுகளோட சேர்ந்து 2011-ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டாங்க. 1950-லிருந்து ஃபுனாஃபுட்டியின் பகல் உச்ச வெப்பநிலை பத்தாண்டுக்கு 0.21 டிகிரி வீதம் ஏறியிருக்கு என்கிறது அது. ராத்திரி வெப்பநிலையும் ஏறியிருக்கு. அறுபது வருஷத்துக்குப் பெருக்கினா ஒண்ணேகால் டிகிரி.

இந்த மாதிரி நம்பரைக் கேட்டா உடனே நம்பாதீங்க. 'எப்படி அளந்தீங்க?'ன்னு கேளுங்க. இன்ஜினீயரிங் படிச்சதுக்கு அதாவது செய்யணும்ல? வானிலை நிலையத்தில் தெர்மாமீட்டரைச் சும்மா வெயிலில் தொங்க விட மாட்டாங்க. வெள்ளை பெயின்ட் அடிச்ச, பக்கவாட்டில் ஜன்னல் சட்டம் மாதிரி இடுக்குகள் வெச்ச ஒரு மரப்பெட்டி... ஸ்டீவன்சன் பெட்டின்னு பேர். அதுக்குள்ள, தரையிலிருந்து ஒரு ஆள் நெஞ்சு உயரத்தில், நிழலில் இருக்கும். பெட்டியை இருபது மீட்டர் தள்ளி வெச்சாலோ, கருவியை மாத்தினாலோ, பக்கத்தில் கான்கிரீட் கட்டடம் வந்தாலோ ரீடிங்கில் ஒரு 'ஜம்ப்' வந்துடும். அதைப் பருவநிலை மாற்றம்னு சொல்லிடக் கூடாது. அதனால பழைய நோட்டுகளையும், பக்கத்துத் தீவுகளின் ரீடிங்கையும் ஒப்பிட்டு, அந்த உடைப்புகளைக் கண்டுபிடிச்சுச் சரி பண்ணுவாங்க. எந்த வருஷத்திலிருந்து ஆரம்பிக்கிறோம், உடைப்பை எப்படிச் சரி பண்றோம் என்பதைப் பொறுத்து இரண்டாவது தசமத்தில் சண்டை வரலாம். ஆனா 2014-ல் வந்த அடுத்த அறிக்கை 1933-லிருந்து ஆரம்பிச்சுப் பார்த்தும் கோடு போன திசை மேலேதான்.

நடுவில் மேடு பள்ளம் இல்லாம இல்லை. எல் நினோ வருஷங்களில் ஃபுனாஃபுட்டி வழக்கத்தைவிடச் சூடு, மழையும் ஜாஸ்தி. லா நினா வந்தா கொஞ்சம் குளிர்ச்சி, மழை குறைச்சல். இந்தச் சீசாப் பலகை ஆடிக்கிட்டே இருக்கும்போது, பலகையையே யாரோ மெதுவா உயரத் தூக்குற மாதிரிதான் இந்த 0.21.

கரகரப்பும் பாட்டும்

'ஒண்ணேகால் டிகிரி... அவ்வளவுதானா?' இப்படித்தான் எனக்கும் தோணுச்சு. இங்கேதான் நம்ம எலெக்ட்ரானிக்ஸ் சிலபஸ் கை கொடுத்தது. சிக்னல் டு நாய்ஸ் ரேஷியோ! பழைய ரேடியோவில் கரகரப்பு அதிகமா இருந்தா, பாட்டை எவ்வளவு சத்தமா வெச்சாலும் காதில் விழாது. கரகரப்பே இல்லாத நடுராத்திரியில், பக்கத்து ரூமில் யாராவது முணுமுணுத்தாலும் கேட்கும்.

வெப்பநிலைக்கும் இதே கணக்குதான். வருஷத்துக்கு வருஷம் இயல்பாவே ஏறி இறங்குறது நாய்ஸ். மெதுவா மேலே போறது சிக்னல். ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட வேகமா சூடாகுது. ஆனா அங்கே இயற்கையான ஏற்ற இறக்கமும் ஜாஸ்தி. வெப்பமண்டலத் தீவுகளில் ஏற்றம் குறைவுதான். ஆனா நாய்ஸ் அதைவிட ரொம்பக் குறைவு. அதனால சிக்னல் சீக்கிரமே பளிச்சுன்னு வெளியே தெரிஞ்சுடும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் கமிலோ மோரா குழு 2013-ல் 'நேச்சர்' இதழில் இதைத்தான் கணக்குப் போட்டுக் காட்டியது... இதுவரை தான் கண்ட எல்லையைத் தாண்டிய பருவநிலைக்குள் முதலில் நுழையப் போவது வெப்பமண்டலம்தான்.

இன்னும் எளிமையா? நம்ம உடம்பு எப்பவும் 98.4 ஃபாரன்ஹீட். அதில் ஒரு டிகிரி செல்சியஸ் கூட்டினா நூறைத் தாண்டிடும். அம்மா நெத்தியில் கை வெச்சுப் பார்த்துட்டு, 'காலேஜுக்குப் போக வேணாம்'னு சொல்லிடுவாங்க. வெளியே தார் ரோட்டுக்கு ஒரு டிகிரி ஒண்ணுமே இல்லை. உடம்புக்கு அது காய்ச்சல். துவாலு நாடு முழுக்கவே ரோடு மாதிரி இல்லை, உடம்பு மாதிரி!

ரன்வேயில் பாய் விரித்து...

ஃபுனாஃபுட்டி ஏர்போர்ட் ரன்வே, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்கப் படை போட்டது. வாரத்தில் சில நாள்தான் ஃபிஜியிலிருந்து விமானம் வரும். மத்த நேரத்தில் அதுதான் ஊரின் மெரினா! சாயங்காலம் வாலிபால், ரக்பி, பைக் ரவுண்டு எல்லாம் அங்கேதான். விமானம் வர்ற நேரத்தில் சைரன் அடிச்சு எல்லாரையும் கிளப்புவாங்க. புழுக்கம் தாங்காத ராத்திரிகளில் பாய், தலையணையோட குடும்பம் குடும்பமா ரன்வேயில் போய்ப் படுக்கிறதும் உண்டு. அகலமான வெட்டவெளி அது ஒண்ணுதான், காத்து வரும்.

ராத்திரியின் குறைந்தபட்சமே 26-ஐ ஒட்டி இருக்கிற ஊரில் அந்தக் குறைந்தபட்சமும் ஏறுதுன்னா, பகலில் வாங்கின சூட்டை உடம்பு இறக்கி வைக்கிற நேரம் சுருங்குதுன்னு அர்த்தம். கூடவே ஈரப்பதம். வியர்வை ஆவியானாத்தான் உடம்பு குளிரும். காத்து ஏற்கெனவே தண்ணியைக் குடிச்சு நிறைஞ்சிருந்தா வியர்வை எங்கே போகும்? ஒரு டிகிரி ஏறினா காத்து சுமார் ஏழு சதவிகிதம் கூடுதலா நீராவியைத் தாங்கும்... தெர்மோடைனமிக்ஸ் அரியர் வெச்சவங்களுக்கும் ஞாபகம் இருக்கட்டும். சுத்திலும் கடல் இருக்கிற இடத்தில் அந்த ஏழு சதவிகிதத்தை நிரப்பத் தண்ணிக்கா பஞ்சம்?

குடிக்கத்தான் பஞ்சம்! ஆறு இல்லாத ஊரில் கூரையில் விழுற மழையைத் தொட்டியில் பிடிச்சுத்தான் எல்லாம். 2011-ல் மாசக்கணக்கில் மழை பொய்த்து, செப்டம்பரில் நெருக்கடி நிலை அறிவிச்சாங்க. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு பக்கெட், அதாவது 40 லிட்டர். நம்ம ஹாஸ்டலில் ஒருத்தன் குளிக்கிற கணக்கு அது. நியூஸிலாந்தும் ஆஸ்திரேலியாவும் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவிகளைக் கொண்டுபோய் இறக்கின. ஒண்ணு சொல்லிடறேன், அந்த வறட்சிக்குக் காரணம் லா நினா. வெப்பமயமாதல் தலையில் அதைக் கட்டிவிட்டா நம்ம கேஸ்தான் வீக் ஆகும்.

தீவை யார் கட்டினாங்க?

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா இது. 1896-லிருந்து 1898 வரைக்கும் லண்டன் ராயல் சொசைட்டி ஆட்கள் ஃபுனாஃபுட்டிக்கு மூணு தடவை கப்பலேறிப் போய், தரையில் துளை போட்டாங்க. எதுக்கு? பவளத் தீவு எப்படி உருவாகுதுன்னு சார்லஸ் டார்வின் சொன்ன தியரி சரியான்னு பார்க்க. எரிமலை மெதுவா கடலுக்குள் இறங்க இறங்க, அதன் மேல் பவளம் வளர்ந்துக்கிட்டே வரும் என்பது டார்வின் கணக்கு. 340 மீட்டர் ஆழம் போயும் வந்தது பவளச் சுண்ணாம்புதான், எரிமலைப் பாறை தட்டவே இல்லை. டார்வின் சொன்னது சரின்னு உறுதியானது 1952-ல், வேறொரு தீவில் இன்னும் ஆழமா துளைச்சப்போ.

அதாவது துவாலு மண்ணால் ஆன நாடு இல்லை. பவளப் பூச்சிகளும், மணல்துகள் சைஸில் ஓடு கட்டும் நுண்ணுயிர்களும் செத்து, நொறுங்கி, அலை கொண்டுவந்து குவிச்ச நாடு. உயிரோடிருக்கிற ரீஃப்தான் அதன் செங்கல் சூளை!

2018-ல் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் பால் கென்ச் குழு ஒரு குண்டு போட்டது. 1971-லிருந்து 2014 வரையிலான வான்வழிப் படங்களையும் சாட்டிலைட் படங்களையும் ஒப்பிட்டு, துவாலுவின் 101 குட்டித் தீவுகளை அளந்தாங்க. ரிசல்ட்? நாட்டின் நிலப்பரப்பு 2.9 சதவிகிதம் கூடியிருக்கு! நாலில் மூணு பங்கு தீவுகள் பெருசாகியிருக்கு. 'பார்த்தியா, எல்லாம் டூப்'னு ஒரு கூட்டம் கிளம்பிச்சு. 'மூழ்கும் தீவு'ன்னு தலைப்பு போட்ட கூட்டம் வாயை மூடிக்கிச்சு. ரெண்டு பேருமே பேப்பரை முழுசா படிக்கலைன்னு தோணுது. அலையும் புயலும் ரீஃப்பிலிருந்து மணலைக் கொண்டுவந்து கரையில் சேர்த்ததால்தான் தீவுகள் வளர்ந்தன. நிலம் பெருசாவதும், அதில் மனுஷன் வாழ முடியறதும் வேற வேற. கடல் அலை உள்ளே வந்துட்டா, குழி தோண்டிச் சேப்பங்கிழங்கு ஜாதியான 'புலாக்கா' பயிரிடுற பள்ளத்தில் உப்பு இறங்கிடும். பரப்பளவு கூடினது அந்தக் கிழங்குக்குத் தெரியாது.

சரி, அந்தச் சூளைக்கு எவ்வளவு சூடு ஓகே? பவளத்தின் திசுவுக்குள் குட்டிப் பாசிகள் குடியிருக்கும். வெயிலில் சாப்பாடு தயாரிச்சு வாடகையா கொடுக்கிறது அதுங்கதான். கடல் சூடு எல்லை தாண்டினா பவளம் அந்தப் பாசியை வெளியே துரத்திடும். நிறம் போய் வெளுத்துடும். அந்த எல்லை எவ்வளவுன்னு அமெரிக்காவின் நோவா அமைப்பு வெச்சிருக்கிற அளவுகோலைப் பார்த்தீங்கன்னா ஆடிப்போயிடுவீங்க. அந்த இடத்தின் மிகச் சூடான மாதத்தின் சராசரியைவிட ஒரு டிகிரி கூட... ஆமா, ஒரே ஒரு டிகிரி! நாலு வாரம் அப்படியே நீடிச்சா வெளுக்கும். எட்டு வாரம் நீடிச்சா சாகத் தொடங்கும். உலகளவிலான நாலாவது பெரும் வெளுப்பு நடந்துக்கிட்டிருக்குன்னு 2024 ஏப்ரலில் அதே நோவா அறிவிச்சது.

வருஷம் முழுக்க ஒரு டிகிரிக்குள்ளேயே வாழ்ந்து பழகின ஒரு ஜீவனுக்கு, ஒரு டிகிரி ஏத்தம் எவ்வளவு பெரிய விஷயம்னு இப்போ புரியுதா பாஸ்?

மேலே தண்ணி ஏறுது, கீழே சூளை அணையுது. இதில் முதல் பாதியை மட்டும்தான் நாம ஃபார்வர்டு பண்றோம். அந்த முதல் பாதிக்கும் காரணம் சூடுதான். உலகம் கூடுதலா பிடிச்சு வெச்சிருக்கிற வெப்பத்தில் தொண்ணூறு சதவிகிதம் கடலுக்குள் போயிருக்கு. சூடான தண்ணி விரியும், உருகின பனி வந்து சேரும். சாட்டிலைட் அளவைத் தொடங்கின 1993-லிருந்து துவாலு பக்கம் கடல் வருஷத்துக்கு 5 மில்லிமீட்டர் வீதம் ஏறுது. 2050-ல் அந்நாட்டின் பெரும்பகுதி நிலம், இன்னிக்கு இருக்கிற உயர் ஓத மட்டத்துக்குக் கீழே போயிடும்னு நாசா 2023-ல் சொல்லுச்சு. அவங்களும் சும்மா இல்லை. கடலிலிருந்து மணலை அள்ளி, தலைநகரில் சுமார் 7 ஹெக்டேர் புது நிலத்தை உயர்த்திக் கட்டி முடிச்சிருக்காங்க.

இன்னொண்ணு, சூரை மீன். வெளிநாட்டுக் கப்பல்கள் தங்கள் கடலில் மீன் பிடிக்கக் கொடுக்கிற கட்டணம்தான் துவாலு அரசின் முக்கிய வருமானம். ஒரு கப்பலுக்கு ஒரு நாளைக்கு 8,000 டாலருக்குக் குறையாமல். சூரை மீனுக்கு பாஸ்போர்ட் கிடையாது. தனக்குப் பிடிச்ச சூடு எந்தப் பக்கம் நகருதோ, அந்தப் பக்கம் போயிடும். கடல் சூடாகச் சூடாக அது கிழக்கே, யாருக்கும் சொந்தமில்லாத நடுக்கடலுக்கு நகரும்னு கணக்குகள் சொல்லுது. போனா அரசு பட்ஜெட்டே கூடப் போயிடும்.

அரை டிகிரிக்காக ஒரு சண்டை

2009-ல் கோபன்ஹேகன் மாநாட்டில் துவாலுவின் பிரதிநிதி இயான் ஃப்ரை பேசும்போதே அழுதுட்டார். பெரிய நாடுகள் இரண்டு டிகிரி வரைக்கும் ஓகேன்னு பேசிக்கிட்டிருந்த காலம். தீவு நாடுகள் கேட்டது 1.5. 2015-ல் பாரிஸ் ஒப்பந்தத்தில் 'இரண்டுக்கு ரொம்பக் கீழே, முடிஞ்சா 1.5' என்று எழுத வைக்கிற வரைக்கும் விடலை. அரை டிகிரிக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? 2018-ல் ஐ.பி.சி.சி. விஞ்ஞானிகள் பதில் சொன்னாங்க. 1.5 டிகிரியில் உலகின் வெப்பமண்டலப் பவளத்தில் 70-லிருந்து 90 சதவிகிதம் போயிடும். இரண்டு டிகிரியில் 99 சதவிகிதத்துக்கு மேல்! 2024-ம் வருஷம் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிடச் சுமார் 1.55 டிகிரி சூடா இருந்ததுன்னு உலக வானிலை அமைப்பு அறிவிச்சிருக்கு. நீண்ட காலச் சராசரி இன்னும் 1.5-ஐத் தாண்டலை, இது ஒரே ஒரு வருஷத்தின் கணக்கு. ஆனாலும் எந்தப் பக்கம் போறோம்னு தெரியுதுல்ல?

2023-ல் துவாலுவும் ஆஸ்திரேலியாவும் ஒரு ஒப்பந்தம் போட்டன. ஃபலேபிலி யூனியன். வருஷத்துக்கு 280 துவாலுக்காரர்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம், படிக்கலாம், வேலை பார்க்கலாம். திரும்பியும் வரலாம். யார் போறதுன்னு குலுக்கல். 2025-ல் முதல் குலுக்கலுக்குப் பதிவு பண்ணவங்க, குடும்பத்தாரையும் சேர்த்து 8,750 பேர். நாட்டின் ஜனத்தொகையே பத்தாயிரம்னு முதல்லயே சொன்னேன். எல்லாரும் மூட்டை கட்டிட்டாங்கன்னு அர்த்தமில்லை. ஒரு கதவு திறந்திருக்கட்டுமேன்னு பேர் கொடுத்தவங்களும் இருப்பாங்க. அதே 2023-ல் தங்கள் அரசியல் சட்டத்தையும் திருத்தினாங்க. நிலத்துக்கு என்ன ஆனாலும் துவாலு என்ற நாடு என்றைக்கும் இருக்கும்னு எழுதி வெச்சாங்க.

இப்படி எழுதி வெச்சா கோர்ட்டில் நிக்குமா? அந்தக் கதை ஆரம்பிச்சது நம்மளை மாதிரி ஸ்டூடன்ட்ஸ்கிட்டதான். 2019-ல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் வனுவாட்டு கேம்பஸில் சட்டம் படிச்ச 27 பேர், பருவநிலை விஷயத்தில் நாடுகளுக்கு என்ன சட்டக் கடமைன்னு சர்வதேச நீதிமன்றத்தையே கேட்கலாம்னு முடிவு பண்ணாங்க. பசிபிக் தலைவர்களுக்கு லெட்டர் போட்டாங்க. வனுவாட்டு அரசு பிடிச்சுக்கிச்சு. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை எதிர்ப்பே இல்லாமல் அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23-ம் தேதி ஹேக் நகரில் பதில் வந்தது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டபூர்வமான கடமை, மீறினால் பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னாங்க. அதிலேயே இன்னொரு வரி... ஒரு நாடு உருவான பிறகு, அதன் நிலம் போயிட்டதாலேயே அது நாடு இல்லைன்னு ஆகிடணும்னு அவசியமில்லை. ஆலோசனைக் கருத்துதான், யாரையும் நேரடியா கட்டுப்படுத்தாது. ஆனா இனி வழக்கு போடுறவங்க கையில் இருக்கும்.

அந்த 27 பேர் படிச்ச பல்கலைக்கழகம், பசிபிக்கின் 12 நாடுகளுக்குக் கூட்டுச் சொத்து. துவாலு அதில் ஒண்ணு. ஃபுனாஃபுட்டியிலும் அதுக்கு ஒரு குட்டி கேம்பஸ் இருக்கு.